மண் வீடும் மக்கள் மரபும்

எகிப்து நாட்டிலே, நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சோர் நகரத்துக்கு எதிரே, மரஞ்செடி எதுவுமற்ற மஞ்சள் நிறக் குன்றொன்று நிற்கின்றது. பண்டைக் காலத்துத் தீப்ஸ் நகரப் பிரபுக்கள் தம் உடல்களை அடக்கம் செய்வதற்காகக் குடைவித்த கல்லறைகள் அக்குன்றெங்கும் நிறைந்துள்ளன. அக்கல்லறைகளின் மேலேயே வீடு கட்டித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கூர்ணா மக்கள். வீட்டின் முற்பகுதி மண்ணால் எழுப்பிய சுவர். பிற்பகுதி மூவாயிரம் ஆண்டுப் பழைமையுடைய கல்லறை. ஆட்டுக்கும் கழுதைக்கும் அதுவே தொழுவம்; தானியத்துக்கு அதுவே களஞ்சியம்; வெயில் கொளுத்தும் நடுப்பகலில் வீட்டார் ஒதுங்கியிருக்கும் குளிர்ந்த அறையும் அதுவே.

இம்மக்களின் சீவனம் நிலத்தை மாத்திரம் நம்பியதன்று. அகழ்வாராய்ச்சி செய்ய வந்த ஐரோப்பியர்க்குக் கூலியாட்களாய் உழைத்தனர்; உல்லாசப் பிரயாணிகளுக்கு வழி காட்டினர்; பழம்பொருள்களைப் போலவே புதுப் பொருள் செய்து விற்பதிலும் கைதேர்ந்திருந்தனர். உண்மையான பழம்பொருள்களும் அவர்கள் கைவழியே வெளியேறின என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்துல் ரசூல் குடும்பத்தார் குன்றின் மறைவான குழியொன்றிற் கண்டுபிடித்து, பல ஆண்டுகளாக ஒருவருக்கும் சொல்லாமற் சிறிது சிறிதாக விற்றுவந்த புதையலின் இரகசியம் 1881ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. இரண்டாம் ராம்சேஸ், முதலாம் சேத்தி, மூன்றாம் துத்மோஸ் முதலிய பெருமன்னர்களின் உடல்கள் அக்குழியினுள்ளே கிடந்தன. தங்கள் வீட்டு நிலத்தின் கீழே கிடைத்தது தங்களுக்கே உரியது என்பது கூர்ணா மக்களின் நியாயம். அரசாங்கத்தின் நியாயம் வேறு.

1940களின் நடுப்பகுதியில், பலரும் அறிந்த பாறைச் சிற்பமொன்று குன்றிலிருந்து முழுதாகவே பெயர்த்தெடுக்கப்பட்டுக் களவு போயிற்று. அதற்குமேல் எகிப்தியத் தொல்பொருள் திணைக்களம் பொறுத்திருக்கவில்லை. குன்றின்மேல் ஐந்து சிற்றூர்களாகப் பரந்திருந்த ஏறக்குறைய ஏழாயிரம் மக்களையும் கீழே சமவெளியிற் குடியேற்றுவதென்றும், குன்றைத் தொல்பொருள்களுக்கே விட்டுவிடுவதென்றும் முடிவு செய்யப்பட்டது. வயல்வெளியில் ஐம்பது ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அந்நிலத்திலே புதிய கிராமமொன்றை அமைக்கும் பொறுப்பு ஹஸன் பத்ஹி என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பத்ஹி 1900ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரிற் பிறந்தவர், செல்வக் குடும்பத்தவர். குடும்பத்துக்கு நாட்டுப்புறத்திலே விளைநிலங்கள் இருந்தன. ஆயினும் தந்தையார் கிராமத்தை அருவருத்தவர். இருபத்தேழாவது வயது வரையில் மகன் அந்நிலங்களை மிதித்ததே இல்லை. தாயாரோ தம் சிறு பராயத்துக் கிராம வாழ்வை ஏக்கத்தோடு நினைந்து கதை கதையாகச் சொல்லுபவர். கிராமம் சுவர்க்கம் என்று தாய் சொல்ல, நரகம் என்று தந்தை சொல்ல வளர்ந்த இளைஞர், 1926ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றபின் நேரிற் சென்று பார்த்தபோது கண்டவை அழுக்கும் நோயும் நெரிசலும் மலிந்த குடிசைகள். அன்று பிறந்த கவலை அவர் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. ஏழைக் குடியானவனுக்கு நல்ல வீடு எப்படிக் கிடைக்கும்? சீமேந்தும் இரும்பும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள்கள், குடியானவனிடம் காசில்லை. அவன் காலடியில் மண் இருக்கின்றது. மண்ணாற் சுவர் எழுப்ப எகிப்தியக் குடியானவன் எக்காலத்திலும் அறிவான். இடர்ப்பாடு கூரையிலேதான். கூரைக்கு மரம் வேண்டும். எகிப்திலோ மரம் அரிது.

இரண்டாவது உலக யுத்தம் மூண்டதும் இவ்விடர்ப்பாடு முற்றியது. வெளிநாட்டு மரமும் இரும்பும் வருவது நின்றது. கெய்ரோவுக்கு அண்மையிலுள்ள பஹ்தீம் பண்ணையிலே, மரமின்றி மண் கல்லினாலேயே கூரை வளைக்க முயன்றார் பத்ஹி. கட்டிய கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. அப்பொழுது அஸ்வான் அணைக்கட்டிற் கடமையாற்றிய அவர் தமையனார் ஒரு செய்தி சொன்னார்: தெற்கே நுபிய மக்கள் மரத் தாங்குசட்டம் எதுவுமில்லாமலே மண்ணால் வளைகூரை கட்டுகின்றார்கள். 1941ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், நுண்கலைக் கல்லூரி மாணவர்களோடு அஸ்வானுக்குப் புறப்பட்டார் பத்ஹி. நதியின் மேற்குக் கரையிலுள்ள கர்ப் அஸ்வான் என்ற நுபியக் கிராமத்தை அடைந்தபோது அவர் கண்டது வேறோர் உலகம். அகன்ற உயரமான வீடுகள், சுத்தமான முற்றங்கள், ஒன்றைப்போல ஒன்றில்லாத முகப்புகள், வாயிலைச் சூழ மண்ணால் வரைந்த கோலங்கள். அனைத்தையும் மூடி நின்றவை மண் வளைகூரைகளே.

அவ்வளைகூரை கட்டும் முறை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. ஏனெனில் பின்வரும் கதை முழுவதும் அதனைச் சுற்றியே செல்கின்றது. சங்கிலியொன்றை இரு கைகளாலும் இரு முனைகளிற் பிடித்துத் தொங்கவிட்டால் அது ஒரு வளைவாகத் தொங்கும். அவ்வளைவைத் தலைகீழாக நிமிர்த்தினாற் கிடைக்கும் வடிவமே ஏறத்தாழ நுபியக் கூரையின் வடிவம். மண் தன்மேல் வரும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இந்த வளைவிலே அமுக்கமன்றி இழுவை இல்லையாதலின், மண் கல் அதிலே நிலைக்கின்றது. நுபியக் கொத்தர் இதனைக் கணக்கிட்டு அறிந்தவரல்லர். அறையின் ஒரு முனைச் சுவரை மற்றச் சுவர்களிலும் உயர்த்திக் கட்டி, அதன்மேற் சேற்றை அப்பி, கண்ணளவாலேயே வளைவை வரைந்துவிடுவர். பின்பு இரு பக்கச் சுவர்களின் தலையிலும் கற்களை அடுக்கத் தொடங்குவர். ஆனால் நேராக அன்று. முதல் வரிசை முனைச் சுவரின்மேற் சாய்ந்து நிற்கும். இரண்டாம் வரிசை முதல் வரிசையின்மேற் சாயும். இவ்வாறு சாய்ந்து நிற்பதனால், கட்டும்போதே எந்தக் கல்லும் கீழே நழுவுவதில்லை. ஒவ்வொரு வரிசையும் வளைவாக முற்றுப்பெற்றதும் அடுத்த வரிசைக்கு அதுவே தாங்கியாகின்றது.

கல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. கூரைக்கான கல் இருபத்தைந்து சென்ரிமீற்றர் நீளமும் பதினைந்து சென்ரிமீற்றர் அகலமும் ஐந்து சென்ரிமீற்றர் மட்டுமே கனமும் உடையது. சுவர்க் கல்லிலும் அதிகமாக வைக்கோல் சேர்த்து அதனை இலேசாக்குவர். காய்வதற்கு முன் அதன் முகத்தில் விரல்களால் இரு கோடுகள் இழுத்து விடுவர். ஈரச் சேறு அக்கோடுகளிற் புகுந்து கல்லைக் கல்லோடு பிடித்துக்கொள்ளும். மூன்று மீற்றர் அகலமும் நான்கு மீற்றர் நீளமும் உள்ள ஓர் அறைக்குக் கொத்தர் இருவர் ஒன்றரை நாளிற் கூரை வளைத்து முடிப்பதைப் பத்ஹி தம் கண்ணாற் கண்டார். பொறியியல் நூல்களைக் கற்றவரின் கூரை சரிந்து விழுந்திருக்க, எழுத்தறியாதவரின் கூரை நிமிர்ந்து நின்றது.

வியப்பு இத்தோடு முடியவில்லை. கூர்ணாக் குன்றின் அடிவாரத்திலே இரண்டாம் ராம்சேஸ் மன்னன் எழுப்பிய கோவில் ஒன்று உண்டு. கோவிலின் பின்புறத்தில் அம்மன்னன் காலத்துத் தானியக் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. அவை மண் கல்லாற் கட்டியவை; வளைகூரை உடையவை; சாய்ந்த வரிசைகளாக அடுக்கியவை. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் அவற்றிற் சில விழாமல் நிற்கின்றன. ஆக, பத்ஹி தேடியலைந்த கலை கூர்ணா மக்களின் வாசலிலேயே கிடந்தது. ஆயினும் அதனை அன்றாடம் பார்த்து வளர்ந்த கூர்ணாக் கொத்தருள் ஒருவருக்கேனும் அவ்வாறு கட்டத் தெரியாது. அங்கே கட்டடம் நின்றது, கை மறந்துவிட்டது. அஸ்வானிலோ தந்தை கையிலிருந்து மகன் கைக்கு அது வந்துகொண்டேயிருந்தது. இந்த வேறுபாட்டின் முழுப் பொருளையும் பத்ஹி அன்று உணர்ந்தாரா என்பது ஐயத்துக்குரியது. பிற்காலத்தில் நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதிக்கு விடை இதிலேயே இருக்கின்றது.

அஸ்வானிலிருந்து நுபியக் கொத்தரை அழைத்துவந்து, பஹ்தீம் பண்ணையிலே முதலிற் கட்டிப் பார்த்து வெற்றி கண்டார் பத்ஹி. அதன் பின்னரே கூர்ணா வேலை அவர் கைக்கு வந்தது. 1945ஆம் ஆண்டு முதல் 1948ஆம் ஆண்டு வரை மூன்று பருவங்கள் அங்கே வேலை நடந்தது.

அவர் வரைந்த கிராமத்தைப் புகழாமலிருக்க முடியாது. அக்காலத்துத் திட்டமிட்ட குடியேற்றங்கள் படைவீடுகளைப் போல வரிசை வரிசையாக அமைந்தவை. பத்ஹியோ ஒரு வீடு போல மறுவீடு அமையாதவாறு வரைந்தார். கூர்ணாவிலே இரத்த உறவுடைய பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து ‘பதனா’ எனப்படும் ஒரு கூட்டமாக வாழ்வது வழக்கம். ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் பொதுவான ஒரு சதுக்கத்தை அமைத்து, வீடுகளின் வாயில்களை அதனை நோக்கித் திறந்தார். அந்நியர் நேரே புகுந்துவிடாதவாறு தெருக்களை வளைத்தார். வீட்டுக்கு வீடு முற்றம் வைத்தார். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு, வெயில் நாட்டிலே முற்றம் தரும் நிழலையும் காற்றையும் மறைவையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தின் மேல் காற்று வாங்கிகளை எழுப்பி, நனைத்த கரிப் படுக்கையின் ஊடாகக் காற்றைக் கீழே இறக்கி வகுப்பறைகளைக் குளிர்வித்தார். பள்ளிவாசலுக்கு மேல் எகிப்திய வழக்கப்படி வெளிப்புறப் படிக்கட்டோடு கூடிய மினாரா அமைந்தது. சந்தை, அரங்கு, கைத்தொழில் பயிலும் இடம், ஆண் பெண் பிள்ளைகளுக்கு வெவ்வேறு பள்ளிக்கூடங்கள் யாவும் வரைபடத்தில் இருந்தன.

குன்றின் மேலுள்ள பழைய வீடுகளையும் அவர் உற்றுப் பார்த்திருந்தார். அங்கே பெண்கள் தம் கையாலேயே மண்ணைப் பிசைந்து தானியக் கூடுகளும், தேளுக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கிடத்துவதற்காகக் காளான் போல ஒற்றைக் காலில் உயர்ந்து நிற்கும் மண் கட்டில்களும் செய்துவைத்திருந்தனர். தேள் ஏற முடியாதபடி விளிம்பு வெளியே நீண்டிருக்கும். வடிவத்தால் அவை சிறந்த சிற்பங்கள். செய்தவர்கள் அவற்றைச் சிற்பமென்று ஒருபோதும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு குடும்பத்தோடும் பேசி, அவரவர் விருப்பப்படி வீடு அமைக்க வேண்டுமென்பது பத்ஹியின் ஆசை. அது பெரும்பாலும் ஆசையாகவே நின்றது. ஆண்கள் பேச மறுத்தனர், அல்லது கால்நடைகளுக்கு இடம் எங்கே என்று மட்டும் கேட்டனர். வீட்டை உள்ளும் புறமும் அறிந்த பெண்களோ அந்நிய ஆடவர் முன் வருவதில்லை. யாருக்காக வீடு கட்டப்பட்டதோ அவர்களுடைய சொல் அவ்வீட்டில் ஏறவில்லை.

வேலையோ இடையூறுகளுக்கு நடுவே நகர்ந்தது. மண் கல்லுக்கு வேண்டிய வைக்கோலுக்கும் அரசாங்க விதிப்படி கேள்விப்பத்திரம் கோர வேண்டியிருந்தது. கல் அறுப்போர் காத்திருந்தனர். கூலிக்குரிய பணம் தலைநகரிலிருந்து பிந்தி வந்தது. 1947ஆம் ஆண்டில் எகிப்து முழுவதும் வாந்திபேதி நோய் பரவி இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அப்பருவத்து வேலையும் அதனாற் குலைந்தது. ஒரு வெள்ளப் பருவத்திலே, புதுக் கிராமத்தை நைல் வெள்ளத்திலிருந்து காத்துநின்ற மண் அணையைக் கூர்ணா மக்கள் இரவோடிரவாக வெட்டிவிட்டனர் என்று பத்ஹி எழுதியுள்ளார். மண் வீட்டுக்கு வெள்ளம் கூற்றுவனன்றோ? அணை வெட்டியவர்கள் அதனை நன்கு அறிந்தே வெட்டினர்.

1948ஆம் ஆண்டில் வேலை நின்றபோது, வரைந்த கிராமத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே எழும்பியிருந்தது. பள்ளிவாசலும் அரங்கும் பள்ளிக்கூடங்களும் சந்தையும் முடிந்து நின்றன. குன்றிலிருந்து இறங்கி வந்தவர் மிகச் சிலர்.

பத்ஹி இக்கதையைத் தாமே எழுதினார். ‘கூர்ணா: இரு கிராமங்களின் கதை’ என்ற பெயரில் 1969ஆம் ஆண்டு கெய்ரோவிலும், ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ என்ற பெயரில் 1973ஆம் ஆண்டு சிக்காகோவிலும் அந்நூல் வெளிவந்தது. உலகெங்குமுள்ள கட்டடக்கலை மாணவர் கையில் அது திருமறை போல ஆயிற்று. 1980ஆம் ஆண்டில் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசு அவருக்குக் கிடைத்தது. கட்டி முடியாத ஒரு கிராமத்தினால், கட்டி முடித்த எந்தக் கட்டடக் கலைஞருக்கும் கிடைக்காத புகழ் அவருக்குக் கிடைத்தது எனலாம்.

நூலிலே அவர் குற்றத்தை இரு தரப்பார்மேல் ஏற்றுகின்றார்: உத்தியோகத்தர்களின் அசட்டை ஒன்று, கல்லறைக் களவை விடமாட்டாத கிராமத்தவரின் பேராசை மற்றொன்று. இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. எனினும் வழக்கில் ஒரு தரப்பின் வாதத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுதல் முறையன்று. குன்றை விட்டிறங்கினாற் கூர்ணா மக்கள் இழப்பது களவுப் பொருளை மட்டுமன்று. உல்லாசப் பிரயாணிகள் வந்து போகும் பாதையும், அகழ்வாராய்ச்சிக் கூலியும், பாட்டன் காலத்து அயலும் அக்குன்றிலேயே இருந்தன. வயல் நடுவே ஐம்பது ஏக்கரில் வீடு உண்டு, தொழில் எங்கே? கைத்தொழில் நிலையம் அமைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை வந்துவிடுமென்று பத்ஹி நம்பினார். ஏழாயிரம் பேருடைய வயிற்றுக்கு அது விடையாகவில்லை.

இன்னொன்றும் உண்டு. அது கூரையைப் பற்றியது. நுபியக் கூரை எகிப்திய மரபுதான். ராம்சேஸ் காலத்து மரபுதான். ஆனால் கூர்ணாவில் அன்று வாழ்ந்த மக்களின் மரபு அதுவன்று. அவர்கள் வீட்டுக்கு இட்டது பேரீந்து மரமும் ஓலையும் கிடத்திய தட்டைக் கூரை. மாலை வேளைகளில் அதன்மேல் அமர்வர். வைக்கோலும் வரட்டியும் அதன்மேற் சேமிப்பர். குவிமாடமோ மேல் எகிப்தியக் கிராமத்தவன் கண்ணுக்குப் பெரியோர் அடக்கமான சமாதியின் அடையாளம். கல்லறைமேல் வாழ்ந்தவர்களைக் கல்லறையிலிருந்து இறக்கி, சமாதியைப் போலத் தோன்றும் வீட்டிலே குடியேறச் சொன்ன விந்தையைப் பின்வந்த ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். வளைகூரைக்கு வேறொரு குறையும் உண்டு. மகன் மணமுடித்தால் தட்டைக் கூரையின்மேல் இன்னொரு மாடியைக் கட்டி அவனை அங்கே இருத்தலாம். வளைகூரையின்மேல் எதனைக் கட்டுவது? நாட்டு மரபை மீட்டவர் என்று உலகம் போற்றிய கலைஞர், ஓர் ஊரின் மரபை எடுத்து மற்றோர் ஊரின் தலையில் வைத்தார் என்பதே பொருந்தும்.

இனி, அம்மரபுக்குச் சொந்தக்காரரான நுபிய மக்களின் நிலை என்னவாயிற்று என்று பார்த்தல் வேண்டும்.

அஸ்வானில் முதல் அணை 1902ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டிலும் 1933ஆம் ஆண்டிலும் அது மேலும் உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் அணைக்குத் தெற்கேயிருந்த நுபியக் கிராமங்களுள் தண்ணீர் ஏறியது. ஒவ்வொரு முறையும் மக்கள் கரையில் மேலேறிப் புது வீடுகள் கட்டினர். மரம் அரிய அப்பாறைக் கரையிலே, வளைகூரை கட்டும் கலை அவர்களைக் காப்பாற்றியது. எந்தக் கட்டடக் கலைஞரும் வரைபடம் வரைந்து கொடுக்கவில்லை. நட்டஈட்டுப் பணமோ சொற்பம். கொத்தர் கட்டினர், உறவினர் மண் சுமந்தனர், பெண்கள் சுவரைப் பூசி நிறந்தீட்டினர். வாயிலின் மேலே ஈரச் சுவரில் பீங்கான் தட்டுகளைப் பதித்து அழகுபடுத்துவது அவர்கள் வழக்கம். பத்ஹி கண்டு வியந்த வீடுகள் இவ்வழக்கத்தின் வழிவந்தவை.

பின்பு உயர் அணை வந்தது. 1963ஆம் ஆண்டு அக்டோபர் தொடங்கி 1964ஆம் ஆண்டு ஜூன் வரையில், எகிப்திய நுபியாவின் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் மக்கள் நீராவிக் கப்பல்களிலும் படகுகளிலும் ஏற்றப்பட்டு, வடக்கேயுள்ள கொம் ஓம்போ சமவெளிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே காலத்தில் யுனெஸ்கோவின் வேண்டுகோளை ஏற்று உலக நாடுகள் ஒன்றுசேர்ந்தன. அபு சிம்பெல் கோவில்கள் துண்டு துண்டாக அறுக்கப்பட்டு உயரமான இடத்திலே மீண்டும் பொருத்தப்பட்டன. 1968ஆம் ஆண்டில் அவ்வேலை இனிது முடிந்தது. மன்னன் கோவில் கல்லாலானது, தூக்கிவைக்க முடிந்தது. மண் வீடுகள் தண்ணீரிற் கரைந்தன. அவற்றைத் தூக்கிவைக்க வேண்டுமென்று கேட்டவரும் இல்லை.

கொம் ஓம்போவில் அரசாங்கம் கல்லாலும் கொங்கிறீற்றினாலும் வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தது. தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம், வைத்தியசாலை என்பன நுபியர் முன்னர் அறியாத வசதிகள். அவற்றை அவர்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வீடுகள் அறை எண்ணிக்கையின்படி பங்கிடப்பட்டன. பெரிய குடும்பத்துக்குப் பெரிய வீடு ஒரு தெருவில். தனித்திருக்கும் முதியவளுக்கு ஓரறை வீடு வேறொரு தெருவில். பழைய ஊரிலே கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மகள் இருந்தாள். புதிய ஊரில் அவள் இருக்கும் தெருவைத் தேட வேண்டியிருந்தது. வாசலில் ஓடிய நைல் நதியும் எட்டாத் தூரமாயிற்று.

எனினும், வந்து இறங்கிய சில காலத்துக்குள்ளேயே அங்கு ஒரு மாற்றம் தோன்றியது. வீட்டு முன்புறத்தில் மண்ணால் நீண்ட திண்ணைகள் எழுந்தன. மாலையில் அயலார் வந்து அமர்ந்து பேசுவதற்கு அத்திண்ணை இன்றியமையாதது. திட்டம் வரைந்தவர்கள் அதனை மறந்திருந்தனர். வெறுஞ் சுவர்களின்மேல் மண் பூச்சு ஏறியது. பூச்சின்மேல் வெள்ளையும் நிறமும் ஏறின. வாயிலின் தலையிலே பீங்கான் தட்டுகள் திரும்பி வந்தன. முற்றத்து மதில்களை இடித்து அகற்றிக் கட்டினர். உறவினர் அயலிலே இருக்கும்பொருட்டு வீட்டை வீட்டுக்கு மாற்றிக்கொண்டனர். வளைகூரை மட்டும் திரும்பவில்லை. கூரை ஏற்கெனவே கொங்கிறீற்றாக நின்றது. தங்களுக்கு வேண்டியது எதுவென்று அவர்கள் அறிந்திருந்தனர். கட்டடக் கலைஞரின் கண்ணுக்குக் கூரையே மரபாகத் தோன்றியது. அக்கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்குத் திண்ணையும் அயலும் அதனிலும் பெரிதாயிருந்தன.

வளைகூரையின் கதை அங்கேயே முடியவில்லை. 2000ஆம் ஆண்டில், பிரெஞ்சுக் கொத்தரான தொமா கிரானியே என்பவரும், புர்க்கினா பாசோ நாட்டு உழவரான சேரி யூலு என்பவரும் சேர்ந்து, இக்கலையை மேற்கு ஆபிரிக்காவிற் பரப்புவதற்காக ஒரு சங்கத்தை அமைத்தனர். அங்கும் மரம் அருகிவிட்டது. மரத்துக்குப் பதிலாக வந்த தகரமோ விலையால் ஏழையையும் வெப்பத்தால் எல்லாரையும் வருத்துவது. சங்கத்தார் முறையை எளிதாக்கினர். கூரையின் அகலம் மூன்றே கால் மீற்றர். சுவரின் கனம் அறுபது சென்ரிமீற்றர். கண்ணளவு தேறாத புதுக் கொத்தனும் பிழைவிடாதிருக்கச் சுவருக்குச் சுவர் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி அதன்வழியே கல் அடுக்கினர். அங்குள்ள மழை எகிப்தில் இல்லாத மழை. அதற்கென நீர் புகாத விரிப்பொன்றைப் பூச்சினுள்ளே வைத்தனர். மிகக் கவனிக்கத் தக்கது மற்றொரு மாற்றம். அந்நாட்டவர் தட்டைக் கூரையில் தானியம் உலர்த்திப் பழகியவர்கள். சூடான இரவுகளில் அதன்மேற் படுப்பவர்கள். ஆகவே வளைவின் இரு பக்கங்களையும் மண்ணால் நிரப்பி, மேலே தட்டையான மொட்டைமாடியாக முடிக்கும் முறையும் வகுக்கப்பட்டது. உள்ளேயிருந்து பார்ப்பவர்க்கு அது நுபிய வீடு. தெருவிலிருந்து பார்ப்பவர்க்கு ஊர் வழக்கத்து வீடு. வயல் வேலை ஓய்ந்த வறள் காலத்தில் இளைஞர் மூத்த கொத்தரின் பக்கத்தில் நின்று இத்தொழிலைக் கற்கின்றனர். கூர்ணாவிலே பத்ஹிக்கு வாய்க்காதவை இவ்விரண்டுமே: ஊராரின் கூரை வழக்கத்துக்கு இடங்கொடுத்தமை ஒன்று, ஊராரின் கையிலேயே தொழிலை விட்டுச் சென்றமை மற்றொன்று.

கூர்ணாவுக்குத் திரும்பினால், குன்றின்மேலிருந்த பழைய ஊரை இனிக் காண முடியாது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் அதனை இடிக்கத் தொடங்கிற்று. மக்கள் வடக்கே வேறொரு புதுக் குடியேற்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பத்ஹியின் கிராமத்திலே காலப்போக்கில் வந்து குடியேறியவர்கள் பல வீடுகளை இடித்து, சுட்ட கல்லாலும் கொங்கிறீற்றாலும் மாடி வீடுகளாக உயர்த்திவிட்டனர். நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பு ஏறி எஞ்சிய மண் சுவர்களின் அடியை அரித்தது. 2010ஆம் ஆண்டில் உலக நினைவுச்சின்ன நிதியம் அக்கிராமத்தை அழிவை எதிர்நோக்கும் இடங்களின் பட்டியலிற் சேர்த்தது. யுனெஸ்கோவும் எகிப்திய அரசாங்கமும் அரங்கு முதலிய சில கட்டடங்களைச் செப்பனிட முன்வந்தன.

அந்தக் கிராமத்தில் பத்ஹி கட்டியவற்றுள் மண் பூச்சு உதிர உதிர மக்களே மீண்டும் பூசி, நன்கு பேணி வைத்திருந்தது பள்ளிவாசல். சமாதியை நினைப்பிக்கும் குவிமாடம் வீட்டின்மேல் இருந்தபோது அதனை அவர்கள் விரும்பவில்லை; தொழுகை மண்டபத்தின்மேல் அது இருப்பதில் அவர்களுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. வெளிப்புறப் படிக்கட்டையுடைய அந்த மினாராவின் கீழே இன்றும் தொழுகை நடைபெறுகின்றது.